வயிற்றில் கட்டி என்றால் முதலில் கேட்க வேண்டியது, அது எங்கிருந்து முளைத்தது என்று

எங்கள் மைனிக்கு (அண்ணன் மனைவி) அடிவயிற்றில் கட்டி தட்டுப்பட்டபோது வயது 54. ஹீமோகுளோபின் 7 இருந்தது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பையிலிருந்து காம்பு வைத்துத் தொங்கும் ஃபைப்ராய்டு, 86 மி.மீ. என்று எழுதியிருந்தது. ஃபைப்ராய்டு என்றால் கர்ப்பப்பைத் தசையில் வரும் கட்டி, கேன்சர் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஃபைப்ராய்டு யாருக்குத்தான் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவுக்கும்தான் இருந்தது, எடுத்தார்கள், இப்போது ரப்பர் பால் வெட்டப் போகிறார். ரத்தக் குறைவுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சம் தேறட்டும் என்று நாங்களும் காத்திருந்தோம்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. நான் 19 வருடமாக பயாப்சி (உடம்பிலிருந்து துண்டு எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) லேபில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, டிஷ்யூவை மெழுகில் புதைத்து மெல்லிசாகச் சீவி ஸ்லைடு போடுகிறவன். பெயர் மாறி வந்த கட்டிகளை வாரா வாரம் பார்த்தவன். அப்படியிருந்தும் தலையாட்டிவிட்டேன். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆனவருக்கு ஃபைப்ராய்டு எப்படிப் புதிதாக வளரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மலம் கறுப்பாகப் போனதை மாத்திரையின் வேலை என்று எடுத்துக்கொண்டோம். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகத்தான் போகும், அது உண்மைதான். எட்டு மாதம் கழித்து மைனி சாவகாசமாகச் சொன்னார்: "மாத்திர திங்கதுக்கு முன்னயே கறுப்பாத்தான் போச்சு தம்பி, யாரு கேட்டா?"

கட்டி சிறுகுடலில் இருந்து வந்தது. ஜிஸ்ட் என்பார்கள். குடல் சுவரில் இருக்கும் கஹால் செல்கள் என்ற வகையைச் சேர்ந்தது, உள்ளுக்குள் ரத்தம் கசியும், அடிவயிற்றில் தொங்கி நின்றால் ஸ்கேனில் ஃபைப்ராய்டு மாதிரியே இருக்கும். ஒரு வருடத்தில் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கு வரும் நோய், அதனால் முதல் நாளே யாருக்கும் நினைவுக்கு வராததில் ஆச்சரியமில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது ஒரு ஊகம்தான், அதை நாங்கள்தான் கட்டியின் பெயராக ஆக்கிக்கொண்டோம்.

அதற்கப்புறம் ஊரில் யாருக்கு வயிற்றில் கட்டி என்றாலும் ரிப்போர்ட்டை என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். வைத்தியம் செய்வது டாக்டர் வேலை, சரியான கேள்வியோடு போவது நம் வேலை.

டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்

மூன்று நிமிட ஓ.பி.யில் நோயாளி பாதியை மறந்துவிடுவார். மாதவிலக்கு எப்போது நின்றது, வலி மாதவிலக்கு நாளில் கூடுகிறதா, மலம் கறுப்பா (மாத்திரைக்கு முன்பா பின்பா), சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, முன்பு செய்த ஆபரேஷன்கள் எல்லாம். பழைய ஆபரேஷனை விட்டுவிடவே கூடாது, காரணம் உண்டு. விபத்தில் மண்ணீரல் நசுங்கி எடுத்தவருக்குப் பல வருடம் கழித்து வயிற்றில் அங்கங்கே உருண்டைகள் தெரிந்தால், அவை சிதறி முளைத்த மண்ணீரல் துண்டுகளாகவே இருக்கலாம், கேன்சர் பரவியதாக நினைத்து வீடே அழுதுகொண்டிருக்கும். சிசேரியன் தழும்புக்கு அடியில் கட்டி வந்து மாதவிலக்கு நாட்களில் வலித்தால் அங்கே கர்ப்பப்பையின் உள்வரித் திசு ஒட்டி வளர்ந்திருக்கலாம். அதே தழும்பில், மாத நாளோடு சம்பந்தமில்லாமல், கல் மாதிரி கெட்டியாக வளர்ந்தால் டெஸ்மாய்டு என்ற கட்டியும் உண்டு. அது உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாது, ஆனால் இருக்கும் இடத்தில் வேர்விடும். எடுத்தாலும் திரும்ப வரும், அதனால் இப்போதெல்லாம் பலருக்கு உடனே கத்தி வைக்காமல் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். தழும்பில் வரும் இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, வெளியே பார்க்க மட்டும் ஒன்று போல இருக்கும்.

இன்னொன்று, பிரஷர் இருக்கிறவருக்குத் திடீர் திடீரென்று படபடப்பு, தலைவலி, குப்பென்று வியர்வை வருகிறதா என்று பாருங்கள். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது ஊசி பற்றிய இடத்தில் வரும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிப்பது

அளவு மி.மீ.யில் இருக்கும். 86 என்று பார்த்து மயங்கி விழ வேண்டாம், எட்டரை சென்டிமீட்டர்தான், ஒரு நல்ல மாங்காய் அளவு. அளவை விட முக்கியம் கடைசிப் பத்தி. அங்கே "இருக்கலாம்", "சாத்தியம்", "தொடர்புபடுத்திப் பார்க்கவும்" என்ற தொனியில் எழுதியிருந்தால் ஸ்கேன் பார்த்தவர் நமக்குச் சொல்வது: எனக்கு உறுதியில்லை. நாம் அந்தச் சொற்களைத் தாண்டி நோய்ப்பெயரை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், இது எந்த உறுப்பிலிருந்து வருகிறது, அதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பெண்களுக்கு இதோடு இன்னொன்று, இரண்டு சினைப்பையும் தனியாகத் தெரிகிறதா? இரண்டும் நல்லபடி தனித்துத் தெரிந்தால் அது சினைப்பைக் கட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு. ஃபைப்ராய்டு என்றால் கர்ப்பப்பைக்கும் கட்டிக்கும் நடுவே ரத்தக்குழாய்கள் பாலம் போட்டது போல ஓடும், அது தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். மைனி ரிப்போர்ட்டில் காம்பு என்று எழுதியிருந்ததே தவிர அந்தக் காம்பில் ரத்தக்குழாய் பார்த்ததாக ஒரு வரி இல்லை.

அல்ட்ராசவுண்டில் சந்தேகம் என்றால் அடுத்தது காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன், இடுப்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ. காண்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த சிடியால் இந்த விஷயத்தில் பெரிய பிரயோஜனம் கிடையாது, காசுக்குப் பார்த்து அதை எடுத்துவிட்டு மறுபடி எடுத்தவர்கள் நிறைய. போவதற்கு முன் கிரியாட்டினின் டெஸ்ட் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது) இருக்க வேண்டும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் அதைச் சொல்ல வேண்டும், முன்பு அலர்ஜி வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். சிடியில் ரேடியாலஜி டாக்டர்கள் பார்ப்பது கட்டிக்கும் உறுப்புக்கும் நடுவே உள்ள விளிம்பை. உறுப்பின் விளிம்பு பறவை மூக்கு போலக் கூர்மையாகி கட்டியைக் கவ்வியிருந்தால் கட்டி அங்கிருந்து வந்தது, மழுங்கி ஒதுங்கியிருந்தால் வெளியே இருந்து தள்ளுகிறது. சில சமயம் சின்ன உறுப்பு ஒன்று ஆளையே காணோம் என்றிருக்கும், அப்போது கட்டி அதை விழுங்கி வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வயிறு பெரிதாகிக்கொண்டே போகிறது, கை கால் மெலிகிறது, ஸ்கேனில் சிறுநீரகத்தைச் சுற்றி ‘வெறும் கொழுப்பு’ என்கிறார்கள். ஒரு பக்கச் சிறுநீரகம் மட்டும் இடம் பெயர்ந்து நின்றால் அதை வெறும் கொழுப்பு என்று விடக்கூடாது. லைப்போசார்கோமா என்ற கேன்சர் கட்டி கொழுப்பு வேஷத்தில்தான் வரும்.

படத்தை சிடி தட்டில் கேட்டு வாங்குங்கள், ஃபிலிம் மட்டும் போதாது. வேறு ஆஸ்பத்திரியில் அந்தத் தட்டை கம்ப்யூட்டரில் ஓட்டித்தான் பார்ப்பார்கள். (சிடி ஸ்கேன், சிடி தட்டு, அப்புறம் லேப் ரிப்போர்ட்டில் சிடி 117 என்று மூன்றாவது ஒன்று வரும். மூன்றும் வேறு. அண்ணன் ஒருநாள் லேபுக்கு ஃபோன் போட்டு "சிடி பாசிட்டிவா" என்று கேட்க, அவர்கள் எந்த சிடி என்று திருப்பிக் கேட்க, பெரிய கூத்து.)

ரத்த டெஸ்ட் என்ன சொல்லும், என்ன சொல்லாது

சிஏ 125 என்ற ரத்த டெஸ்டில் அளவு கூடியிருந்தால் சினைப்பைக் கேன்சர் என்று வீட்டிலேயே முடிவு கட்டுவது நம் ஊரில் சகஜம். ஃபைப்ராய்டிலும் கூடும், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தாலும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக வயிற்று டிபியில் நூற்றுக்கணக்கில் ஏறும். வயிற்றில் நீர், எடைக் குறைவு, குடல் மேல் படலமெல்லாம் தடித்து முடிச்சு முடிச்சாக, சிஏ 125 எகிறி நிற்கும். படம் அச்சு அசல் முற்றிய கேன்சர். ஆறு மாத மாத்திரையில் குணமாகும் நோயை அப்படி நினைத்துக் கைவிட்டால் எவ்வளவு பெரிய பாவம். எனவே வயிற்று நீர் எடுத்தால் கேன்சர் செல் தேடுவதோடு, டிபிக்குப் பார்க்கும் ஏடிஏ டெஸ்டுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் முடிவான பதில் இல்லை, படலத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் உறுதி. பெட் ஸ்கேனில் மின்னுவதெல்லாம் கேன்சர் என்றும் நினைக்காதீர்கள், டிபியும் நன்றாகவே மின்னும்.

இளவயதுப் பையனுக்கு வயிற்றின் பின்பக்கம் கட்டி என்றால் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்று ரத்த டெஸ்டும் பார்க்க வேண்டும், விரையையும் ஸ்கேன் செய்ய வேண்டும். விரையில் தொடங்கிய கட்டி வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். வெட்கத்தில் பையன் சொல்லமாட்டான், அம்மாவை வைத்துக்கொண்டு டாக்டரும் கேட்கத் தயங்குவார். அம்மாவைக் கொஞ்சம் டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். இந்தக் கட்டி கீமோவுக்கு நன்றாகக் கரையக்கூடியது, தெரியாமல் வயிற்றைத் திறப்பது வீண்.

ஊசி போடும் முன்

பயாப்சி என்றால் சில வீடுகளில் "ஊசி பட்டால் பரவிடும்" என்று பயந்து மறுத்துவிடுவார்கள். பொதுவாக அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் குத்துவதற்கு முன் நின்று யோசிக்க வேண்டிய இடங்கள் உண்டு.

படபடப்பும் வியர்வையும் பிரஷரும் என்று மேலே சொன்னேனே, அவருக்கு அட்ரினல் சுரப்பியிலோ, முதுகெலும்புக்கு முன்னால் பெரிய ரத்தக்குழாய் ஓரத்திலோ கட்டி இருந்தால், மெட்டனெஃப்ரின் என்ற ஹார்மோன் டெஸ்ட் பார்க்காமல் ஊசி வைக்கவே கூடாது. அது பாராகாங்ளியோமா என்ற, ஹார்மோன் சுரக்கும் வகையாக இருந்தால் ஊசி பட்டதும் ஹார்மோன் கொட்டி பிரஷர் கட்டுக்கு மீறிப் போகும், உயிருக்கே ஆபத்து. கல்லீரலில் நீர்க்கட்டி, அதற்குள் குட்டிக் குட்டியாக நீர்க்கட்டிகள் என்றால் நாய் மூலம் வரும் ஹைடாடிட் புழுக்கட்டியா என்று முதலில் பார்க்க வேண்டும், கண்டபடி குத்தி அந்த நீர் சிந்தினால் கடுமையான அலர்ஜி வரும். ஜிஸ்ட் சந்தேகம் இருந்து, சுலபமாக முழுதாக எடுத்துவிடலாம் என்ற நிலையில் இருந்தால் பல சர்ஜன்கள் குத்தாமல் நேரே எடுத்துவிடுவார்கள், அது கொழகொழவென்று உடையும் கட்டி, வயிற்றுக்குள் உடைந்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது. இதே காரணத்துக்காக, ஃபைப்ராய்டு என்று நினைத்து லேப்ராஸ்கோப்பியில் கட்டியை உள்ளேயே துண்டு துண்டாக அரைத்து எடுக்கும் முறை பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014இல் எச்சரித்தது. "கட்டியை முழுசா எடுப்பீங்களா, பைக்குள்ள போட்டு எடுப்பீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மறுபக்கம், லிம்ஃபோமா என்ற நிணநீர்க் கேன்சராக இருக்கலாம் என்றால் பெரிய ஆபரேஷன் வேண்டாம், நல்ல ஒரு துண்டு போதும், அதன் வைத்தியம் மருந்துதான். துண்டு எடுப்பதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் கட்டி சுருங்கி லேபில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இதை எங்கள் லேபில் எத்தனை முறை பார்த்துவிட்டோம்.

எண்டோஸ்கோப்பியில் எடுத்த துண்டு "நார்மல்" என்று வந்தால் கட்டி இல்லை என்று அர்த்தமில்லை. ஜிஸ்ட் போன்றவை இரைப்பைச் சுவரின் ஆழமான அடுக்கில் இருக்கும், மேல் தோலில் கிள்ளினால் மேல் தோல்தான் வரும். எண்டோஸ்கோப்பி வழியே அல்ட்ராசவுண்ட் வைத்து ஆழத்தில் எடுக்கும் வசதி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

டப்பா விஷயம்

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்லிக்கொள்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த கட்டியை டப்பாவில் போட்டு "லேபில் கொடுங்க" என்று வீட்டுக்காரர் கையில் கொடுப்பது இங்கே சாதாரணம். டப்பாவில் இருக்க வேண்டியது 10 சதவீத ஃபார்மலின், கட்டி அழுகாமல் காக்கும் திரவம். தண்ணீர் இல்லை, ஸ்பிரிட் இல்லை. கட்டியைப் போலக் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின், வாய் அகன்ற டப்பா. ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தவர்கள் உண்டு. போடும்போது கொழகொழவென்று உள்ளே போய்விடும், ஃபார்மலினில் கெட்டியானதும் வெளியே வராது, கடைசியில் பாட்டிலை உடைக்க வேண்டியதுதான். அன்றைக்கே கொண்டுபோங்கள். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தால் பின்னால் செய்யும் டெஸ்ட்கள் சரியாக வராது.

டிபி சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டு ஃபார்மலின் இல்லாமல் சலைனில் தனியாகப் போக வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அப்புறம் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் எது வளரும்? இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும், முடிந்த பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை.

லேபுக்குப் போகும் சீட்டில் விவரம் எழுதச் சொல்லுங்கள். ‘கட்டி, பயாப்சி’ என்று இரண்டு வார்த்தையோடு வரும் சீட்டுகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த உறுப்பு, ஸ்கேனில் என்ன, என்ன சந்தேகம், பழைய ஆபரேஷன் என்ன என்று நான்கு வரி இருந்தால் ஸ்லைடு பார்க்கும் டாக்டர் அதற்கேற்ப யோசிப்பார்.

முதல் ரிப்போர்ட்டில் நிற்காதீர்கள்

மைனியின் முதல் பயாப்சி ரிப்போர்ட் ‘ஸ்பிண்டில் செல் கட்டி’ என்றது. கதிர் போல நீண்ட செல்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான், அது நோயின் பெயர் இல்லை. தசைக் கட்டி, நரம்பு உறைக் கட்டி, ஜிஸ்ட், டெஸ்மாய்டு எல்லாமே அந்தச் சாதாரண ஊதா-ரோஸ் சாயத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 1998க்கு முன்னால் உலகம் முழுக்க ஜிஸ்டை தசைக் கட்டி என்றுதான் பெரும்பாலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம்தான் ஜப்பானில் ஹிரோட்டா குழுவினர் அதில் கிட் என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

பிரித்துக் காட்டுவது ஐஎச்சி என்ற டெஸ்ட். ஒவ்வொரு புரதத்துக்கும் தனிச் சாயம். சிடி 117, டாக் 1 இரண்டும் பிடித்தால் ஜிஸ்ட். டெஸ்மின் பிடித்தால் தசை, எஸ் 100 என்றால் நரம்பு உறை, பீட்டா கேட்டனின் செல்லின் கருவுக்குள்ளேயே பிடித்தால் டெஸ்மாய்டு. (இளம்பெண்ணின் கணையத்தில் இருந்து எடுத்த கட்டியில் அதே பீட்டா கேட்டனின் அப்படிப் பிடித்தால் அது வேறு கதை, சாலிட் சூடோபாப்பிலரி என்று நீளமான பெயர், முழுதாக எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.) கொழுப்புக் கட்டியில் எம்டிஎம் 2 என்ற சாயம் பார்ப்பார்கள். இது கூடுதல் செலவு, அதனால் தானாகச் செய்யமாட்டார்கள். "ஐஎச்சி தேவையா?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஜிஸ்ட் என்று வந்த பிறகும் எந்த இடத்தில் மரபணு மாற்றம் என்று பார்ப்பது நல்லது. ஜிஸ்டுக்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். கிட் மரபணுவின் எக்ஸான் 9 என்ற பகுதியில் மாறிய வகை என்றால் நோய் பரவிய நிலையில் டோஸ் கூட்டுவதை யோசிப்பார்கள், பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற வேறு மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இந்த மாத்திரையே கேட்காது. அந்த மாத்திரையின் ஒரு வடிவத்துக்கு இந்தியாவில் பேட்டண்ட் கேட்ட வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது, நம் ஊர் கம்பெனிகளின் மாத்திரை அதனால்தான் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. மைனி தினம் 400 மி.கி. சாப்பிட்டார், மூன்று வருடம்.

எங்கே போவது

நம் குமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் 1838இல் ஆஸ்பத்திரி தொடங்கியது, எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் அங்கேதான் பல வருடம் வயிற்று ஆபரேஷன்கள் செய்தார். ஸ்கேன் இல்லாத காலம், திறந்து பார்த்தால்தான் தெரியும். இங்கே பெரியவர்கள் இன்னும் அதே பேச்சு பேசுவார்கள், "தொறந்து பாத்தா தெரிஞ்சிரும்லா". இப்போது திறப்பது கடைசி, யோசிப்பது முதலில். அதேபோல் கட்டி என்றதும் மணவாளக்குறிச்சியின் கதிர்வீச்சு உள்ள கடற்கரை மணலைக் காரணம் சொல்கிறவர்களும் உண்டு. இதே மாதிரி மணல் உள்ள கேரளக் கருநாகப்பள்ளியில் நீண்ட காலம் ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சால் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை. எப்படியானாலும் காரணம் பேசுவதால் கட்டியின் பெயர் தெரியப் போவதில்லை.

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கலாம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். அபூர்வக் கட்டி என்று சந்தேகம் வந்தால் திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம், குழித்துறையில் ரயில் ஏறினால் காலையிலேயே போய்ச் சேரலாம். நம் அட்டை அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். வேலூர் சிஎம்சி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் நோயாளியை அலைக்கழிப்பதற்கு முன் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கொண்டுபோய்க் காட்டலாம்.

பிளாக் என்பது உங்கள் கட்டியின் துண்டு புதைந்திருக்கும் மெழுகுக் கட்டை, தீப்பெட்டியை விடச் சின்னது. எழுதிக் கொடுத்துக் கேட்டால் லேபில் தருவார்கள். எல்லாவற்றையும் வாங்க வேண்டாம், கட்டி நன்றாக இருக்கும் ஒன்றோ இரண்டோ போதும், எது என்று லேபிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள். நம்பர் ரிப்போர்ட்டில் உள்ளதுதானா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். சட்டைப் பையில் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் கார் டாஷ்போர்டில் வைக்கவே வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். ஸ்லைடை பஞ்சு சுற்றி சின்ன டப்பாவில். காட்டி முடிந்ததும் பிளாக்கைத் திரும்ப வாங்கி வர மறந்துவிடாதீர்கள். மைனியின் பிளாக்கை வாங்க நான் இரண்டாம் முறை ரயில் ஏற வேண்டியதாயிற்று.